முதற்சோதனையும் முடிந்த முடிபும்

(மறையூரில் சுகாதாரப் பணியாளர்கள், ஆய்வுக்கூடப் பணியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறையூர் என்றதும் சந்தனக் காடுகளும், கரும்பு வயல்களும், உருண்டை வெல்லமும் நினைவுக்கு வருகின்றன. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைப்பாதையில், இரண்டு மாநிலங்களும் இரண்டு மொழிகளும் கைகோத்து நிற்கும் ஊர் இது. எல்லைப் புறத்தில் அமைந்த ஊர்களுக்கு வாணிபம் வரும் வழியிலேயே வேறு சில தீமைகளும் வந்து சேர்வதுண்டு. கஞ்சாவும், அண்மை ஆண்டுகளில் செயற்கைப் போதைப்பொருள்களும் நம் இளைஞர்களை எவ்வாறு வாட்டுகின்றன என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தீமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதைக் கண்டறிய நாம் கையாளும் கருவியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சிறுநீரில் போதைப்பொருள் உள்ளதா என்று பார்க்கும் முதற்சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இச்சோதனையின் பயன்பாடு ஆண்டுதோறும் விரிந்து வருகிறது. கேரள அரசு 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய 'விமுக்தி' இயக்கத்தின் வாயிலாக மாவட்டங்களில் போதை மீட்பு மையங்கள் ஏற்பட்டன. 2022 ஜனவரி 31 முதல் விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் முன்னறிவிப்பற்ற போதைப்பொருள் சோதனை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிற் சிலவும் இதைக் கேட்கின்றன. பள்ளி மாணவருக்கும் சோதனை செய்தால் என்ன என்ற குரலும் ஆங்காங்கே எழுகிறது. ஒரு சிறு அட்டையில் தோன்றும் கோடு ஒருவருடைய சிகிச்சையை, வேலையை, படிப்பை, ஊரில் அவருக்குள்ள மதிப்பைத் தீர்மானிக்கக்கூடிய நிலை உருவாகியுள்ளது.

ஆய்வுக்கூடம் சொல்லும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவதன் விளைவு என்ன என்பதைக் கேரளம் 2023-இல் கண்டது. போதை முத்திரைத் தாள் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்ட ஒரு பெண்மணி இரண்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். கைப்பற்றிய பொருளை ரசாயன ஆய்வுக்கு உட்படுத்தியபோது அதில் போதைப்பொருள் ஏதும் இல்லை என்று தெரிந்தது. உயர் நீதிமன்றம் வழக்கை நீக்கியது. அங்கே சோதிக்கப்பட்டது சிறுநீர் அன்று. ஆனால் பாடம் ஒன்றே. ஐயம் வேறு, உறுதி வேறு.

சோதனை செயற்படும் விதம்

இம்முதற்சோதனையின் அடிப்படை, நோய்த் தடுப்பாற்றலில் பங்கு கொள்ளும் எதிர்ப்பொருளே. 1950-களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானிகள் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும் இரத்தத்திலுள்ள இன்சுலினின் மிக நுண்ணிய அளவை எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் முறையைக் கண்டனர். அதற்காக 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அதே வழியில் 1970-இல் மார்பினை அளக்கும் முறை வெளிவந்தது. பின்னர்க் கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாக நொதியைப் பயன்படுத்தும் முறைகள் வந்தன. இன்று கருவி ஏதும் வேண்டாத அட்டைச் சோதனை சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டது.

இந்த அட்டையைப் பற்றி ஒன்றை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். கருப்பச் சோதனை அட்டையிலும் மலேரியாச் சோதனை அட்டையிலும் கோடு தோன்றினால் 'உண்டு' என்று பொருள். போதைப்பொருள் அட்டையில் இது தலைகீழ். அட்டையில் ஏற்கெனவே பதிக்கப்பட்டுள்ள மருந்தும், சிறுநீரில் வரும் மருந்தும் ஒரே எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. சிறுநீரில் மருந்து போதிய அளவில் இருந்தால் எதிர்ப்பொருள் அதனுடன் சேர்ந்துவிடும், கோடு தோன்றாது. ஆகவே கோடு தோன்றினால் 'இல்லை', தோன்றாவிட்டால் 'உண்டு'. கோடு மங்கலாக இருப்பினும் அது 'இல்லை' என்றே கொள்ளப்பட வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாத அட்டையைக் கொண்டு எந்த முடிவும் கூறலாகாது.

'உண்டு', 'இல்லை' என்பவையும் ஓர் எல்லை அளவைப் பொறுத்தவை. கஞ்சாவின் சிதைபொருளுக்கு ஒரு மில்லிலிட்டரில் 50 நானோகிராம் என்பது பெரிதும் வழங்கும் முதற்சோதனை எல்லை. அதற்குக் கீழே இருந்தால் சோதனை 'இல்லை' என்றே சொல்லும். அந்த 'இல்லை'க்கு 'அறவே இல்லை' என்று பொருளில்லை; எல்லைக்குக் கீழே என்பதே பொருள்.

எதிர்ப்பொருள் எவ்வாறு ஆளை அடையாளம் காண்கிறது? மறையூர் வெல்லத்தைக் கொண்டு இதை விளக்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் வெல்லம் கருமை கலந்த பழுப்பு நிறமும் உருண்டை வடிவமும் கொண்டது. சந்தையில் அந்நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்து வாங்குபவர், அதே போன்று உருட்டிய வேற்றூர் வெல்லத்தையும் மறையூர் வெல்லம் என்றே எடுத்துச் செல்வார். எதிர்ப்பொருளும் அப்படிப்பட்டதே. மூலக்கூற்றின் புறவடிவில் ஒரு பகுதியை மட்டுமே அது பார்க்கிறது. அந்தப் பகுதியை ஒத்த வேறொரு மருந்து வந்தாலும் அதைப் பற்றிக்கொள்ளும்.

பொய்யான 'உண்டு'

இதனால் விளையும் பிழைகள் கற்பனையல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மருந்து சில வகைச் சோதனைகளில் அபின் வகை 'உண்டு' என்று காட்டியிருப்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மருந்து என்று நம் சுகாதாரப் பணியாளர் நன்கறிந்த அதே ரிபாம்பிசின்தான். லெவோபிளாக்சசின், ஓபிளாக்சசின் போன்ற நோய்க்கிருமி எதிர் மருந்துகளும் அபின் வகைச் சோதனையில் இவ்வாறே குழப்பம் விளைவிக்கக் கூடியவை என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. சளிக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கும் சூடோஎபிட்ரின், இரத்த அழுத்தத்துக்கான லபெட்டலால், மனநோய்க்கான குளோர்புரோமசின் ஆகியவை ஆம்பெட்டமின் சோதனையைத் திசை திருப்பவல்லவை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டுவந்த எபவிரென்ஸ் சில சோதனைகளில் கஞ்சா 'உண்டு' என்று காட்டியதுண்டு. எல்லா நிறுவனங்களின் அட்டைகளும் ஒரே விதமாகப் பிழைப்பதில்லை. எந்த அட்டை எதற்குப் பிழைக்கும் என்பதை அதனுடன் வரும் விளக்கத் தாளில் காணலாம். அத்தாளைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே வளர வேண்டும்.

இங்கே ஓர் அவலத்தைக் கவனியுங்கள். இம்மருந்துகளை உண்போர் யார்? காசநோயாளி, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், இரத்த அழுத்தமுள்ள கருவுற்ற தாய். நம் கவனிப்பு மிகுதியாகத் தேவைப்படுபவர்கள் மீதே பொய்யான குற்றச்சாட்டு மிகுதியாக விழக்கூடும்.

சமையலறையிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. குருமாவுக்கு நாம் அரைத்து ஊற்றும் கசகசா, அபின் செடியின் விதையே. அதில் மயக்கம் தரும் அளவு மருந்து இல்லை. ஆயினும் ஒட்டியுள்ள மார்பின், கோடீன் துகள்கள் சிறுநீரில் வெளிப்படலாம். அமெரிக்க அரசு தன் பணியாளர் சோதனைகளில் அபின் வகைக்கான எல்லை அளவை 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக 1998-இல் உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் படையினரைக் கசகசாவைத் தவிர்க்குமாறு 2023-இல் எச்சரித்தது. இங்கே எதிர்ப்பொருள் ஆள் மாறாட்டம் செய்யவில்லை. மார்பின் உண்மையிலேயே அங்கு இருக்கிறது; ஆனால் அவர் குற்றம் செய்தவர் அல்லர். இருமலுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த கோடீன் மருந்தைக் குடித்தவரின் நிலையும் இதுவே.

பொய்யான 'இல்லை'

மறுபுறத்துப் பிழை இதைவிட அமைதியானது. ஆகவே இன்னும் ஆபத்தானது. அபின் வகைச் சோதனை மார்பினை நோக்கி அமைந்தது. டிரமடால், டபென்டடால், புப்ரினார்பின், பென்டனில் ஆகியவை வலி நீக்கும் செயலில் மார்பினுக்கு உறவாயினும் வடிவில் அயலானவை. பொதுவான அபின் அட்டை அவற்றைக் காண்பதில்லை. தனித்தனிச் சோதனை வேண்டும். டிரமடால் நம் நாட்டில் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்பதை எண்ணினால் இக்குறையின் பொருள் விளங்கும். உறக்க மாத்திரைகளில் லோரசெபாம், குளோனசெபாம் ஆகியவற்றைப் பல சோதனைகள் தவறவிடுகின்றன. கஞ்சாவின் செயலைப் போலச் செய்யும் செயற்கைப் பொருள்கள் கஞ்சாச் சோதனையில் சிக்குவதில்லை. எம்.டி.எம்.ஏ. எனப்படும் பொருளை எல்லா ஆம்பெட்டமின் அட்டைகளும் ஒரே திறத்துடன் கண்டுபிடிப்பதும் இல்லை.

ஆகவே, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வரும் இளைஞனின் அட்டை 'இல்லை' என்று சொன்னால், மருத்துவர் அட்டையை நம்பி நோயாளியைக் கைவிடலாகாது. மூச்சின் வேகம், கண்மணியின் அளவு, உடன் வந்தவர் கூறும் செய்தி ஆகியவற்றின் சாட்சியம் அட்டையின் சாட்சியத்துக்குக் குறைந்தது அன்று.

காலமும் இதில் ஒரு காரணி. ஆம்பெட்டமினும் மார்பினும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரிலிருந்து மறையும். எப்போதோ ஒருமுறை கஞ்சா பயன்படுத்தியவரிடம் ஏறத்தாழ மூன்று நாட்களும், நெடுநாள் அன்றாடம் பயன்படுத்தியவரிடம் ஒரு மாதம் வரையிலும் தடயம் இருக்கலாம். எனவே சிறுநீர்ச் சோதனை, அண்மையில் உட்கொண்டாரா என்பதற்கு மட்டுமே விடை கூறும். இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா, எவ்வளவு உட்கொண்டார், அடிமையாகிவிட்டாரா என்ற வினாக்களுக்கு அதில் விடையில்லை. மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் ஒருவரின் சோதனை 'உண்டு' என்று வந்தால், அன்று அவர் போதையில் வண்டி ஓட்டினார் என்பது அதனால் நிறுவப்படுவதில்லை.

எண்கள் கற்பிக்கும் பாடம்

ஒரே அட்டை ஓரிடத்தில் நம்பத்தக்கதாகவும் வேறோரிடத்தில் நம்பத்தகாததாகவும் ஆகலாம் என்றால் வியப்பாக இருக்கும். ஒரு கணக்கைப் பார்ப்போம். போதைப்பொருள் பயன்படுத்தும் 100 பேரில் 95 பேரைச் சரியாகக் காட்டும், பயன்படுத்தாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். நல்ல சோதனைதான். அதை 1,000 பேர் வரும் ஒரு போதை மீட்பு மையத்தில் பயன்படுத்துகிறோம். அவர்களில் 500 பேர் உண்மையில் பயன்படுத்துவோர். சோதனை 475 பேரைச் சரியாகப் பிடிக்கும். குற்றமற்ற 500 பேரில் 25 பேரைத் தவறாகப் பிடிக்கும். 'உண்டு' என்று வந்த 500 பேரில் 475 பேர், அதாவது நூற்றுக்கு 95 பேர், உண்மையானவர்.

அதே சோதனையை 1,000 மாணவர் பயிலும் ஒரு பள்ளிக்குக் கொண்டு செல்வோம். அங்கே பயன்படுத்துவோர் 20 பேர் மட்டுமே என்று கொள்வோம். சோதனை 19 பேரைப் பிடிக்கும். எஞ்சிய 980 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 பேரையும் பிடிக்கும். ஆக 'உண்டு' என்று வந்த 68 பேரில் 49 பேர் ஒன்றும் அறியாத பிள்ளைகள். அட்டையும் அதைப் பயன்படுத்திய கையும் மாறவில்லை. சோதிக்கப்படும் கூட்டம் மாறியது, அவ்வளவே. அந்த 49 வீடுகளில் அன்றிரவு என்ன நடக்கும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் ஒட்டுமொத்தச் சோதனை வேண்டும் என்போருக்கு இக்கணக்கே என் விடை.

ஆய்வுக்கூடத்தின் தரம்

அட்டையின் குறை ஒரு பாதி. கூடத்தின் குறை மறுபாதி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், போதை மீட்பு நிலையங்களுக்குச் சோதனை செய்து கொடுத்த 13 ஆய்வுக்கூடங்களுக்குத் தானே தயாரித்த மாதிரிகளை நோயாளியின் மாதிரிகள் போல அனுப்பிப் பார்த்தது. முடிவு 1985-இல் வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. கோக்கெயினைத் தவறவிட்ட வீதம் கூடத்துக்குக் கூடம் பூச்சியத்திலிருந்து நூறு வரை மாறுபட்டது. ஆம்பெட்டமினில் பொய்யான 'உண்டு' ஒரு கூடத்தில் நூற்றுக்கு 37 வரை சென்றது. இது தேர்வு மாதிரி என்று முன்கூட்டியே தெரிந்தபோது அக்கூடங்கள் நன்றாகவே வேலை செய்தன. திறமை இருந்தது; அன்றாடக் கவனம் இல்லை என்பதே அதன் பொருள்.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. விளையாட்டு வீரர்களின் சிறுநீரைச் சோதிக்கும் தில்லித் தேசிய ஊக்கமருந்துச் சோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2019 ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. குறைகளைக் களைந்து 2021 டிசம்பரில்தான் அது மீண்டும் கிடைத்தது. இடைக்காலத்தில் நம் வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டுக்குச் சென்றன. உயர்ந்த கருவிகள் கொண்ட கூடமும் இடைவிடாத கண்காணிப்புக்கு உட்பட்டதே. அத்துறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வீரரின் மாதிரி தொடக்கத்திலேயே இரண்டு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. முதற் குப்பி அவருக்கு எதிராகப் பேசினால், இரண்டாம் குப்பியைச் சோதிக்கக் கோரும் உரிமை அவருக்கு உண்டு. வீரருக்குள்ள இவ்வுரிமை ஒரு ஓட்டுநருக்கும் மாணவனுக்கும் ஏன் இருக்கக் கூடாது?

சர்க்கரை, யூரியா போன்ற சோதனைகளுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தை ஆய்வுக்கூட நண்பர்கள் அறிவார்கள். போதைப்பொருள் சோதனைக்கும் அத்தகைய வெளி மதிப்பீடு இன்றியமையாதது.

உறுதிச் சோதனை

முதற்சோதனை எழுப்பும் ஐயத்தைத் தீர்ப்பது உறுதிச் சோதனை. இதில் வண்ணப்பிரிகைக் கருவி மாதிரியிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரிக்கிறது; அதனுடன் இணைந்த நிறைநிரல்மானி ஒவ்வொன்றையும் சிதைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு அடையாளம் காண்கிறது. முன்னது புறவடிவைப் பார்ப்பது என்றால், பின்னது கைரேகையைப் பார்ப்பது. ரிபாம்பிசினை மார்பின் என்று இது மயங்காது. இதுவும் மனிதக் கவனத்துக்கு உட்பட்டதே. 1990-களின் தொடக்கத்தில், மாதிரியில் மிகுதியாக இருந்த எபிட்ரின் கருவியின் வெப்பத்திலேயே மெத்தாம்பெட்டமினாக மாறிப் பிழை விளைந்தது கண்டறியப்பட்டது. அதன்பின் உடன் ஆம்பெட்டமினும் இருந்தாலன்றி முடிவு கூறலாகாது என்று விதி வகுத்தனர். ஒரு பிழையைக் கண்டு ஒரு விதியைச் சேர்ப்பதே விஞ்ஞானத்தின் வழி.

மலையூரில் செய்யத்தக்கவை

இத்தகைய கருவிகள் பெருநகரங்களில் உள்ளன. வழக்கு தொடர்பான மாதிரிகளுக்குத் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய ஊர்களில் அரசின் ரசாயனப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. மறையூரில் அட்டை உண்டு. உறுதிச் சோதனைக்கு மலை இறங்க வேண்டும். அட்டை எளிதாகவும் உறுதி தொலைவாகவும் இருக்கும் இடங்களிலேயே அட்டையைத் தீர்ப்பாகக் கொள்ளும் ஆசை மிகும். ஆகவே சில நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவதாக, மாதிரி எடுக்கும் முன் ஒருவர் உண்ணும் மருந்துகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் பேசுபவரிடம் தமிழிலும், மலையாளம் பேசுபவரிடம் மலையாளத்திலும், முதுவர் குடிகளில் அவர்களுக்கு விளங்கும் பேச்சிலும் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, மாதிரி எடுத்த நான்கு நிமிடங்களுக்குள் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அது 32 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருப்பதே இயல்பு. கிரியேட்டினின் அளவு, காரகாடித் தன்மை ஆகியவையும் மாதிரி கலப்பற்றதா என்பதைச் சொல்லும்.

மூன்றாவதாக, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஒன்றைக் குளிரில் காக்க வேண்டும். யார் எடுத்தார், யார் வாங்கினார், எப்போது அனுப்பினார் என்ற கையெழுத்துச் சங்கிலி அறுபடக் கூடாது.

நான்காவதாக, அறிக்கையில் 'உண்டு' என்று மட்டும் எழுதாமல், 'முதற்சோதனையில் உண்டு எனக் காண்கிறது. உறுதி செய்யப்படவில்லை' என்று எழுத வேண்டும். இந்த ஒரு வரிக்குச் செலவு ஏதுமில்லை.

ஐந்தாவதாக, உறுதிச் சோதனை முடியும்வரை எவரையும் வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்கலாகாது. வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துள்ள பணியிலிருந்து தற்காலிகமாக ஒதுக்கி வைக்கலாம். அதுவும் பெயர் வெளிவராத வகையில் நடைபெற வேண்டும்.

முடிவை மறைபொருளாகக் காப்பது சட்டத்தின் கட்டளையுமாகும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுள்ளது. சிகிச்சை பெறுபவரின் செய்தி வெளியாகாமல் காக்கும் உரிமையை அது வழங்குகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க வழி செய்கிறது. சிகிச்சைக்கு வரும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். பொய்யான ஒரு முடிவால் ஒருவர் அவமானப்படுவதைக் கண்ட ஊரில், உண்மையில் உதவி தேவைப்படும் பத்துப் பேர் மருத்துவமனையின் வாசலை மிதிக்க அஞ்சுவார்கள்.

நண்பர்களே! நான் கூறியவற்றைக் கேட்டு, இச்சோதனையே வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. போதை மீட்பு மையத்தில், சிகிச்சை பெறுபவரும் மருத்துவரும் ஒருவரையொருவர் நம்பிப் பணியாற்றும் இடத்தில், இது அரிய துணை. திருந்தி வாழ முயலும் ஒருவருக்கு, வாரந்தோறும் வரும் 'இல்லை' என்ற முடிவு, சந்தேகக் கண்ணுடன் நோக்கும் உற்றார்முன் அவர் நீட்டக்கூடிய நற்சான்று. கருவி நல்லது, அதை அதற்குரிய இடத்தில் வைப்பதே நம் கடமை. முதற்சோதனை ஒரு வினாவை எழுப்புகிறது. விடை கிடைக்கும்வரை பொறுத்திருக்கும் பண்பு ஆய்வுக்கூடத்துக்கும் வேண்டும், அதிகாரத்தில் இருப்போருக்கும் வேண்டும், ஊருக்கும் வேண்டும். அப்பண்பை வளர்க்கும் பணி, அட்டை வாங்கிக் கொடுப்பதைவிடக் கடினமானது. அப்பணியை இக்கூட்டத்தில் உள்ளவர்கள் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.